ஃபெர்கஸுக்கு ஒரு வார்டு

தீவிர சிகிச்சை பயிலும் டாக்டர்களுக்குப் பொது மருத்துவ வார்டில் ஆறு மாத இடம் பிடித்துத் தருவதுதான் டப்போ ஊர் ஆஸ்பத்திரியில் நோலீனின் பிழைப்பு. ஒரு முறை ஃபெர்கஸ் என்ற இளம் டாக்டருக்கு மட்டும் இடம் அகப்படவில்லை. கிடைக்காவிட்டால் அவன் படிப்பு ஒரு வருடம் தள்ளிப்போகும்.

பக்கத்து ஊர் வார்டுத் தலைவர் பிர்கெட் போனில் சீறினார். “போன தடவை நீ அனுப்பின ஆளு நோயாளி முகத்தையே பாக்கல, நோலீன். மானிட்டர் எங்கன்னு சுவத்துல தேடிட்டு நின்னான்!”

“இவன் வாயாடி, பிர்கெட். மயக்க ஊசி போட்டாத்தான் அடங்குவான்.”

சிரித்துவிட்டதால் அவர் இடம் கொடுக்க வேண்டியதாயிற்று.

இரண்டாம் வாரம் ஃபெர்கஸ் கூப்பிட்டான். “நோலீன், தீவிர சிகிச்சையில எல்லாரும் மயக்கத்துல கிடப்பாங்க. இங்க கேட்டா பதில் சொல்றாங்க! ஒரு பெரியவர் என்னைத் திட்டவே திட்டிட்டார். ரொம்ப நன்றி!”

திட்டு வாங்கித் தந்ததற்கு நன்றி சொன்ன முதல் டாக்டர் அவன்தான். நோலீனுக்கு மனம் குளிர்ந்தது.

“அந்தப் பெரியவருக்கு என் நன்றியையும் சொல்லிடு” என்றாள்.