இடது காலுக்கு வேலையில்லாத கார்: பாண்டிச்சேரியிலிருந்து நெய்வேலி வரை

கியர் தானாக மாறும் பழைய சின்னக் கார் ஒன்றை வேறு ஊரில் வாங்கி, அதையே ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேரலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்படி ஒரு பயணத்தை நான் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை செய்திருக்கிறேன். 1981 கோடை விடுமுறை. பாண்டிச்சேரியிலிருந்து நெய்வேலிக்கு, நாங்கள் வந்த வழியில் ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். இரண்டு மணி நேரம் என்று கணக்குப் போட்டோம். ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. தாமதத்துக்குக் காரணம் கார் இல்லை.

முதலில் ஏன் வாங்கினோம் என்று சொல்லிவிடுகிறேன். நான் நெய்வேலி டவுன்ஷிப் பள்ளியில் ஆசிரியை. சின்ன வயதில் வந்த போலியோவில் இடது கால் சூம்பிவிட்டது. வலது காலுக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் குவார்ட்டர்ஸுக்கு எதிரிலேயே பள்ளி இருந்தவரை கவலையில்லை. அந்த ஏப்ரலில், டவுன்ஷிப்பின் மறுகோடியில் இருந்த பள்ளிக்கு என்னை மாற்றினார்கள். நாலரை கிலோமீட்டர். என் வீட்டுக்காரர் சுந்தரம் மைன்ஸில் ஃபிட்டர். வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட். முதல் ஷிஃப்ட் வாரத்தில் நான் அடுப்புப் பற்றவைக்கும்போதே கிளம்பிவிடுவார். அவர் சைக்கிள் கேரியரை நம்ப முடியாது. பஸ் படியோ உயரம். ஏறும்போது என்னைத் தூக்கிவிட எப்போதும் இரண்டு பேர் தயாராக இருந்தார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் தினமும் தூக்கிவிடப்படுவது எப்படி இருக்கும் என்று தூக்கிவிடப்பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

கார் ஓட்டக் கிளட்ச் மிதிக்க வேண்டும், அதற்கு இடது கால் வேண்டும். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்திருந்தது. அப்போதுதான் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்பிய ஒரு பெரியவர் பாண்டிச்சேரியில் தன் சின்னக் காரை விற்கிறார், கிளட்ச் இல்லாத வண்டி என்று. கடிதம் போட்டுப் பேசி ஒன்பதாயிரத்துக்கு முடித்தோம். சொசைட்டியில் கடன் கிடைத்தது. நான் பழகுநர் லைசென்ஸான எல்.எல்.ஆரும் எடுத்துவிட்டேன்.

சுந்தரத்துக்கு மட்டும் நம்பிக்கையில்லை. "கிளட்ச் இல்லாதது காரா வசந்தா? கோயில் கடையில சாவி குடுத்தா ஓடுமே, அது" என்றார். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். ஷிஃப்ட் பஸ் டிரைவர் பக்கிரியை உடன் அழைத்துப் போவது. அவர் ஓட்டி வருவார். வண்டி சரிப்படாது என்று அவர் சொன்னால் அந்த வாரத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடுவது. பெரியவரும் அதற்குச் சம்மதித்திருந்தார். ஆக, ஜூன் மாதம் நான் எப்படிப் பள்ளிக்குப் போகப்போகிறேன் என்பது பக்கிரியின் வாயில் இருந்தது.

பக்கிரிக்கு ஊர் நெய்வேலியை ஒட்டிய வடக்குத்து. இருபது வருட சர்வீஸ். எத்தனை பெரிய பஸ்ஸையும் சந்தில் திருப்பி நிறுத்துவார்.

ஞாயிறு காலை ஐந்தரைக்கு வடலூர் போய்க் கடலூர் பஸ் பிடித்தோம். கடலூரில் இறங்கி இன்னொரு பஸ். மூன்று பேருக்கும் சேர்த்துப் பதினைந்து ரூபாய்க்குள் முடிந்தது. ஒன்பது மணிக்கெல்லாம் பெரியவர் வீட்டு வாசலில் இருந்தோம்.

கார் வேப்பமரத்தடியில் நின்றது. இளம் பச்சை நிறம், உருண்டையான முகம். சுந்தரம் நான்கு டயரையும் ஒவ்வொன்றாக உதைத்துப் பார்த்தார். கார் வாங்கப் போகும் ஆண்கள் அனைவரும் இதைச் செய்கிறார்கள். உதைத்த டயர் என்ன பதில் சொல்லும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு அவரும் பக்கிரியும் டிபன் சாப்பிடப் போனார்கள். நான் போகவில்லை. பெரியவர் என்னை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, பக்கத்தில் அமர்ந்து சொல்லிக்கொடுத்தார்.

"ரெண்டே பெடல்மா. ஒண்ணு ஓட, ஒண்ணு நிக்க. ரெண்டுக்கும் வலது காலு. இடது காலு சும்மா இருக்கணும். அதான் கஷ்டம்" என்றார்.

"எனக்கு அது கஷ்டமில்லைங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். லீவரைக் காட்டினார். ஓடுவதற்கு ஓர் இடம், பின்னால் போக ஓர் இடம், எதுவும் இல்லாமல் சும்மா நிற்க ஓர் இடம், அதற்குப் பெயர் நியூட்ரல். "நியூட்ரல்ல வெச்சாத்தான் இன்ஜின் ஸ்டார்ட் ஆவும். இத மறந்துட்டீங்கன்னா சாவியத் திருகிகினே இருக்க வேண்டியதுதான்." இதை அவர் மூன்று முறை சொன்னார். நானும் அப்படித்தான் வகுப்பில் சொல்வேன். அவர் வீட்டு வளாகம் பெரியது. வேப்பமரத்தைச் சுற்றி எட்டு முறை ஓட்டினேன். டிபன் முடித்து அவர்கள் திரும்பியபோது கார் பழைய இடத்தில் நின்றது. நான் பின்சீட்டில் அமர்ந்திருந்தேன்.

பக்கிரி ஏறி உட்கார்ந்தார். குனிந்து பார்த்தார். இறங்கி நின்று மறுபடியும் குனிந்து பார்த்தார்.

"சார், பெடலு ஒண்ணு கொறையுதுங்க. எவனோ கழட்டிகினு பூட்டான்."

பெரியவர் விளக்கினார். பக்கிரி கேட்டுக்கொண்டார், ஆனால் அவர் கால் கேட்டுக்கொள்ளவில்லை. தெருமுனையில் திரும்ப வேகத்தைக் குறைக்க நினைத்தார். இருபது வருடமாகக் கிளட்ச் மிதித்த இடது கால் தானாக எழுந்து, அங்கே அகலமாக இருந்த ஒரே பெடலை முழுப் பலத்தோடு மிதித்தது. அது பிரேக். கார் அடித்து வைத்த ஆணி மாதிரி நின்றது. சுந்தரத்தின் நெற்றி கண்ணாடியில் இடித்தது. என் மடியில் இருந்த டிபன் கேரியர் முன்சீட்டுக்குப் போய், புளிசாதத்தின் பாதி பக்கிரியின் சட்டைக்குள் இறங்கியது.

ஜனவரி பிறந்த பிறகும் கரும்பலகையில் கை பழைய வருடத்தையே எழுதும். எல்லா ஆசிரியர்களுக்கும் இது நடக்கும். புது வருடம் என்று மனதுக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. பக்கிரியின் காலும் அப்படித்தான். பாண்டிச்சேரி எல்லை தாண்டுவதற்குள் அவர் கால் ஏழெட்டு முறை பழைய வருடத்தை எழுதியது. பின்னால் வந்த ஒரு சைக்கிள்காரர் எங்கள் டிக்கியில் வந்து உட்கார்ந்துவிட்டார். பக்கிரியின் பரம்பரையை அவர் விசாரித்த விதத்தை இங்கே எழுத முடியாது.

கடலூரில் இன்ஜினை அணைக்காமலே ஓரமாக நிறுத்திச் சோடா குடித்தோம். சுந்தரம் ஃபிட்டர் அல்லவா, அவருக்கு எல்லாமே டைட் வைக்கவேண்டிய விஷயம். தோளில் கிடந்த துண்டை எடுத்து, பக்கிரியின் இடது காலை சீட்டின் அடிக்கம்பியோடு சேர்த்துக் கட்டினார். நெல்லிக்குப்பம் வரை கார் பட்டுப் போல வந்தது. கரும்பு வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்தோம். எனக்கு ஜூன் மாதம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது.

மேல்பட்டாம்பாக்கம் ரயில்வே கேட் மூடியிருந்தது. நாங்கள்தான் முதல் வண்டி. கேட் மூடினால் இன்ஜினை நிறுத்திவிடுவது எங்கள் பக்கத்து டிரைவர்களின் வழக்கம், பெட்ரோல் மிச்சம். பக்கிரியும் சாவியைத் திருகி நிறுத்தினார். வேர்க்கடலை விற்கும் பெண்மணி ஒருவர் ஜன்னல் வழியாகக் கூடையை நீட்டியவர், உள்ளே பார்த்துவிட்டுக் கூடையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"இன்னா டீச்சர், டிரைவரக் கட்டிப் போட்டு இழுத்துகினு போறீங்க?"

நான் டீச்சர் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ. கைப்பை, குடை, கண்ணாடி, வேறென்ன. நான் பதில் சொல்வதற்குள் அவர் பின்னால் நின்ற பஸ்ஸுக்கும் சேதி சொல்லிவிட்டார். பத்திருபது பேர் இறங்கி வந்து காரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"யோவ், எவ்ளோ பாக்கி வெச்ச?" என்று ஒருவர் பக்கிரியிடம் அனுதாபமாகக் கேட்டார்.

"வேணும்னுதான்யா கட்டிகினு இருக்கேன்" என்றார் பக்கிரி. அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது.

ரயில் போனது. கேட் திறந்தது. பக்கிரி சாவியைத் திருகினார். ஒரு சத்தமும் இல்லை. மறுபடியும் திருகினார். பின்னால் பஸ் ஹார்ன் அடித்தது. பக்கிரி குனிந்து, காலில் இருந்த துண்டை அவிழ்த்தார்.

"வாணாம் சார். இருவது வருசத்துல எந்த வண்டியும் என்ன இப்டி அவமானப்படுத்துனது இல்ல. திருப்பிக் குடுத்துடுங்க."

சுந்தரம் என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்வையில் வெற்றி எதுவும் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆனால் கார் நின்றுவிட்டால் நம் ஊரில் அடுத்தது என்ன? யாரும் யாரையும் கேட்பதில்லை, தள்ளுவார்கள். வேர்க்கடலைக்காரப் பெண்மணி உட்பட அத்தனை பேரும் தோள் கொடுத்தார்கள். சுந்தரமும் பக்கிரியும் இறங்கிச் சேர்ந்துகொண்டார்கள். நானும் இறங்கக் கதவைத் திறந்தேன். "நீங்க குந்துங்க டீச்சர், இந்தக் கால வெச்சிகினு" என்று ஒருவர் கதவைச் சாத்தினார். தண்டவாளத்தைத் தாண்டினோம். "ஐலேசா" என்று தள்ளிக்கொண்டே போனார்கள். இந்த மாதிரிக் காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. ஊரே தள்ளினாலும் முடியாது. இது அன்று அங்கே யாருக்கும் தெரியாது, எனக்கும்தான். ஸ்டியரிங்கை சுந்தரம் வெளியிலிருந்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு மூச்சிரைத்தார்.

அப்போதுதான் லீவரைப் பார்த்தேன். அது ஓடும் இடத்திலேயே இருந்தது.

"ஏங்க, நியூட்ரல்ல வையுங்க" என்றேன். கேட்கவில்லை. உரக்கச் சொன்னேன். "ஐலேசா" என்று பதில் வந்தது. சின்னக் கார் என்பதால் ஒரு வசதி. முன்சீட்டைப் பிடித்து, உடம்பைத் தூக்கி, இரண்டு சீட்டுக்கும் நடுவே நகர்ந்து டிரைவர் இடத்தில் விழுந்தேன். பார்க்க எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்க நேரமில்லை. பிரேக்கை மிதித்தேன். லீவரை நியூட்ரலில் வைத்தேன். சாவியைத் திருகினேன். முதல் திருகலிலேயே இன்ஜின் பேசியது.

பின்னால் ஒரே ஆரவாரம். தாங்கள் தள்ளியதால்தான் ஸ்டார்ட் ஆனது என்று அவர்கள் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. ஓர் ஆசிரியைக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று சக ஆசிரியர்களுக்குப் புரியும்.

பக்கிரி கதவருகே வந்து, நான் நகர்ந்து இடம் விடுவேன் என்று நின்றார். நான் கைப்பையைத் திறந்து ஓர் அட்டையை எடுத்தேன். பழைய காலண்டர் அட்டை, அதில் சிவப்பு மையால் எல் என்று எழுதி நூல் கோத்து வைத்திருந்தேன். வீட்டிலிருந்து கிளம்பும்போதே அது என் பையில்தான் இருந்தது.

"பக்கிரி, இதை முன்னால கட்டிட்டு வந்து என் பக்கத்துல உக்காருங்க. லைசென்ஸ் உங்களுக்குத்தான் இருக்கு" என்றேன்.

அவர் சுந்தரத்தைப் பார்த்தார். சுந்தரம் பின்சீட்டில் ஏறி, இரண்டு கையாலும் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டார்.

கிளம்பினோம். வேகம் இருபத்தைந்து. கரும்பு வண்டிகள் கூட எங்களுக்கு மரியாதை கொடுத்தன. வலது கால் மட்டும் வேலை செய்தது. இடது கால் வழக்கம்போலச் சும்மா இருந்தது. என் வாழ்நாளில் அது சும்மா இருந்து எனக்கு உதவியது அன்றுதான். பக்கத்தில் பக்கிரியின் இடது காலோ ஒவ்வொரு திருப்பத்திலும் தரையை ஓங்கி மிதித்துக்கொண்டிருந்தது.

பண்ருட்டி சாலையில் பலாப்பழம் குவித்திருந்தார்கள். "நிறுத்து" என்றார் சுந்தரம். நிறுத்தினேன், யாருடைய நெற்றியும் எங்கேயும் இடிக்கவில்லை. இறங்கிப் போய்ப் பேரம் பேசி, பன்னிரண்டு கிலோ தேறும் ஒரு பழத்தை வாங்கி வந்தார். பின்சீட்டில் இடம் இருந்தது. ஆனாலும் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முள்ளோடு. முன்சீட்டை அவர் பிடித்துக்கொள்ளவில்லை.

வடக்குத்து வந்ததும் பக்கிரி சீட்டில் சரிந்து தலையைத் தாழ்த்திக்கொண்டார். பலனில்லை. அவர் மனைவி அடிபம்பில் குடத்தோடு நின்றிருந்தார்.

"இன்னாய்யா இது? டீச்சர் ஓட்டிகினு வராங்க, நீ குந்திகினு வர?"

"நாந்தான்டி கத்துக் குடுத்துகினு வரேன்" என்றார் பக்கிரி. சட்டையில் இன்னும் புளிசாதம் இருந்தது.

ஆர்ச் கேட்டைத் தாண்டி டவுன்ஷிப்புக்குள் நுழைந்தபோது மணி ஐந்து இருக்கும். குவார்ட்டர்ஸ் வாசலில் நிறுத்தி, லீவரை நியூட்ரலில் வைத்து, கைபிரேக் போட்டேன். சுந்தரம் பலாவை இறக்கிவிட்டுக் கேட்டார்: "என்ன பக்கிரி, திருப்பிக் குடுத்துடவா?"

பக்கிரி காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "ஒரே ஒரு கொறதான் சார். என்னாட்டம் டிரைவர் கையில குடுக்கக் கூடாது."

இப்படிப்பட்ட வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். விற்பவர் சொல்லிக்கொடுக்கும்போது டிபனுக்குப் போகாதீர்கள். யார் தினமும் ஓட்டப்போகிறாரோ அவர்தான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஸ்டார்ட் ஆகாவிட்டால் முதலில் லீவரைப் பாருங்கள், பிறகு பேட்டரியைப் பாருங்கள், ஊரைத் திரட்டாதீர்கள். பாண்டிச்சேரி வண்டியை நம் பக்கம் கொண்டுவந்தால் பதிவை மாற்ற அலைய வேண்டியிருக்கும். எனக்கு மூன்று மாதம் ஆனது, இப்போது எப்படியோ, விசாரித்துக்கொள்ளுங்கள். வழியில் சாப்பாடு கட்டிப் போவதானால் புளிசாதம் வேண்டாம், இட்லி நல்லது. பலாப்பழம் மே மாதத்தில் பண்ருட்டியில் மலிவு. அனுபவமுள்ள டிரைவரை அழைத்துப் போகிறீர்கள் என்றால் ஒரு நல்ல துண்டும் எடுத்துப் போங்கள்.

எனக்கு ஜூலையில் லைசென்ஸ் வந்தது. மறுநாள் சுந்தரத்துக்கு முதல் ஷிஃப்ட். விடியும் முன்பே சாப்பாட்டு டப்பாவோடு கார் பக்கத்தில் போய் நின்றார். ஷிஃப்ட் பஸ் நிற்கும் இடத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து நடந்தால் ஐந்து நிமிடம்கூட ஆகாது.

"என்னங்க, கால் வலியா?" என்றேன்.

"இல்ல. ஸ்டாப்புல கொண்டு விட்டுடேன்" என்றார். "இன்னிக்கு பக்கிரிதான் டூட்டி. எல்லாரும் பாக்கட்டும்."