எனக்கென்று ஒரு கேமிங் கம்ப்யூட்டர்

நாற்பது வயதில், கேமிங் கம்ப்யூட்டர் ஒன்றை எழுபதாயிரத்துக்குள் நானே பாகம் பாகமாகப் பூட்டுவது என்று முடிவு செய்தேன். பாகங்களின் பட்டியலோடு கோச்சடையிலிருந்து பஸ் ஏறி டவுனிலிருந்த கடைக்குப் போனேன்.

"பையனுக்கா, அக்கா?" என்றார் கடைக்காரர்.

"எனக்குத்தாண்ணே."

கிராபிக்ஸ் கார்டு விலை ஏறியிருந்ததால் எட்டாயிரம் துண்டு விழுந்தது. "பவர் சப்ளைய மட்டமானதாப் போட்டுச் சரிக்கட்டிரலாம்க்கா," என்றார்.

"அதுல கை வைக்காதீங்கண்ணே, அது போச்சுன்னா எல்லாம் போச்சு. கலர் லைட்டு கேபினெட்டு வேணாம். மானிட்டரும் வேணாம், வீட்டு டிவியில மாட்டிக்கிறேன்."

அப்போதுதான் அவர் பட்டியலை முழுதாகப் படித்தார். "வெவரமாத்தான் வந்திருக்கீங்க."

ஞாயிறு முழுக்கச் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பூட்டினேன். மாலையில் டிவியில் விளையாட்டு ஓடியதும் கன்ட்ரோலரைக் கையில் எடுத்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்த கணவர் கேட்டார்: "இன்னொரு கன்ட்ரோலர் எம்புட்டு ஆகும்?"