பாங்கு நேரத்து ரவுண்ட்

கல்முனையில் நடந்த குத்துச்சண்டைப் போட்டியில் கடைசி ரவுண்ட் தொடங்கும்போதே எனக்குப் பயம் பிடித்துவிட்டது. எதிரே நின்ற, பக்கத்து ஊரான பாண்டிருப்பைச் சேர்ந்த பொடியன் என்னை ஏற்கெனவே ஒருமுறை விழுத்தியிருந்தான். சனம் கத்திய கத்தலில்தான் அது வெளியே தெரியாமல் இருந்தது.

அப்போது பள்ளிவாசலில் அஸர் பாங்கு, பின்னேரத் தொழுகைக்கான அழைப்பு, ஒலித்தது. சனமெல்லாம் வழக்கம்போல் வாயை மூடிக்கொண்டது. எங்களுக்கோ ரவுண்டை நிறுத்தும் மணி அடிக்கவில்லை. குத்து விழும் சத்தம் எனக்கே கேட்டது. ஓடிவிடலாம் போலிருந்தது. அவனைக் கட்டிப்பிடித்தேன். அவன் நெஞ்சும் படபடத்தது.

"பயமாக் கிடக்கு மச்சான்," என்றான்.

"எனக்கும்தான்," என்றேன்.

நடுவர் பிரித்துவிட்டார். அதன் பிறகு இருவருமே பின்வாங்கவில்லை. மணி அடித்தபோதும் பாங்கு முடியவில்லை, ஒருவரும் கைதட்டவில்லை.

உலகின் சிறந்த ரவுண்ட் எது என்று கூட்டாளிகள் வாதாடினால் நான் அதைத்தான் சொல்வேன். யார் வென்றது என்று கேட்பவர்களோடு மேற்கொண்டு கதைப்பதில்லை.