வடைக்கடைக்கு லைப்ரரியக் கொண்டுவந்த பிலோமினா அக்கா

பிலோமினா அக்கா போயிட்டாங்க. நேத்து காலையில, கிள்ளான்ல அவங்க வீட்டுல. நெஞ்சு வலிக்குதுன்னு உட்கார்ந்தவங்க எழுந்திரிக்கவே இல்ல...

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு சங்கத்துக் கட்டடம், அதுக்கு மாடியில தமிழ் லைப்ரரி. அக்காதான் அங்க லைப்ரேரியன். நான் செல்வி, கிள்ளான் ரயில் ஸ்டேஷன் பக்கத்துல வடை சுடுறவ. ஆறாம் வகுப்போட நின்னுட்டேன், எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

சங்கத்துக்காரங்க நேத்தே போஸ்டர் போட்டுட்டாங்க. 'நூலகத்தின் ஒளிவிளக்கு அணைந்தது'ன்னு. தலைவர் படம் பெருசா, செயலாளர் படம் அதுக்கு அடுத்த சைஸுல, பொருளாளர் கோட்டு சூட்டோட... ஓரத்துல தபால்தலை மாதிரி அக்கா. செத்தது யாருன்னு கண்ணாடி போட்டுத் தேட வேண்டியிருக்கு.

ஒளிவிளக்காம். உயிரோட இருந்தப்ப ஒடஞ்ச ஃபேன மாத்திக் குடுக்கல.

அந்த லைப்ரரியில புத்தகம் பூரா கண்ணாடி அலமாரிக்குள்ள, பூட்டுப் போட்டு. சாவி செயலாளர் கிட்ட. அக்காவே கேட்டுத்தான் வாங்கணும். திறந்து வச்சா திருடிட்டுப் போயிடுவாங்களாம்... ஆமா, தமிழ்ப் புத்தகம் திருட ஊரே வரிசையில நிக்குது.

அப்புறம் மீட்டிங்குக்கு மீட்டிங் 'வாசகர் வரல, வாசகர் வரல'ன்னு ஒப்பாரி. உள்ள என்ன இருக்குன்னே தெரியாத இடத்துக்கு எவன் வருவான்லா.

அக்கா சும்மா இருக்கல. அம்பது வயசுக்கு மேல சனிக்கிழமை கம்ப்யூட்டர் கிளாஸ்ல சேர்ந்து, சின்னப் பிள்ளைங்களோட உட்கார்ந்து கத்துக்கிட்டாங்க. இன்டர்நெட்டுல லைப்ரரி பேர்ல பேஜ் திறக்கிறது, ஆன்லைன் ஃபார்ம் செய்யிறது எல்லாம்.

அலமாரி அலமாரியா கண்ணாடிக்கு வெளிய நின்னு போட்டோ எடுத்து பேஜ்ல போட்டாங்க. புத்தகத்தோட பேர் தெரிஞ்சா போதும்னு. படத்துல பாதி அக்கா முகம்தான், கண்ணாடியில விழுந்தது.

செயலாளர் கமிட்டி குரூப்புல எழுதினாரு, 'இது கேட்டலாக்கா, மேட்ரிமோனியா?' மத்தவங்க எல்லாம் கீழ சிரிக்கிற பொம்மை போட்டாங்க. படிச்சவங்க.

ஆனா ஆளுங்க கேக்க ஆரம்பிச்சிட்டாங்க. ஜெஞ்சாரோம்ல இருந்து, கிள்ளானச் சுத்தி இருக்கிற கம்பத்து ஊருங்கள்ல இருந்து... பாதிப் பேரு வேலை முடிஞ்சு பிரிக்ஃபீல்ட்ஸ் போக முடியாத பொம்பளைங்க.

ஒரு நாள் அக்கா என் ஸ்டாலுக்கு வந்து, அடியில ஒரு பெட்டி வைக்க இடம் இருக்கான்னு கேட்டாங்க. அவங்கதான் தினமும் ரயில்ல கிள்ளானுக்கு வராங்களே, கேட்ட புத்தகத்த வெள்ளிக்கிழமை கொண்டுவந்து வச்சா, கேட்டவங்க வந்து எடுத்துக்குவாங்களாம்.

எண்ணெய் பட்டுடும்க்கா, சங்கத்துல ஏசுவாங்கன்னேன்.

"படட்டும் செல்வி. யாரோ தொட்டிருக்காங்கன்னாவது தெரியட்டும்" அப்படின்னாங்க.

புத்தகம் கேக்கிறதுக்கு அக்கா செஞ்ச முதல் ஃபார்ம் இருக்கே... அதுல புத்தகப் பேர் கேட்டாங்க, எந்த ஊர்னு கேட்டாங்க, எத்தனை மணிக்கு வருவீங்கன்னு கேட்டாங்க. ஆளு பேரு கேக்க மறந்துட்டாங்க.

வெள்ளிக்கிழமை பெட்டி வந்துச்சு, ஜனம் வந்துச்சு, எது யாருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியல. ஒரே சமையல் புத்தகத்த ரெண்டு ஆன்டிங்க ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு இழுக்க, என் எண்ணெய்ச் சட்டியில வடை கருகிப் போச்சு.

அக்கா ஸ்டூல்ல உட்கார்ந்து கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாங்க. அப்புறம் கண்ணத் தொடச்சுக்கிட்டு, அங்கயே ஃபோன எடுத்து ஃபார்ம சரி பண்ணினாங்க.

இது எப்படியோ செயலாளர் காதுக்குப் போச்சு. மீட்டிங்ல எல்லார் முன்னாடியும், "நீங்க நடத்துறது லைப்ரரியா, பாசார் மாலாமா?"ன்னு ராத்திரிச் சந்தையோட சேத்துக் கேட்டாரு.

"பாசார் மாலாம்ல ஜனம் இருக்கும் சார்"னு சொல்லிட்டு அக்கா பைய எடுத்துக்கிட்டு ரயிலுக்கு வந்துட்டாங்க. அன்னைக்கு என்கிட்ட வந்து ரெண்டு வடை கூட வாங்கித் தின்னாங்க.

நானும் ஒரு புத்தகம் எடுத்தேன். மாசக்கணக்கா வச்சிருந்தேன். எது வரைக்கும் வந்திருக்கேன்னு அக்கா ஒரு நாளும் கேட்டதில்ல...

போன வருஷம் பேஜுக்கு என்னையும் அட்மின் ஆக்கினாங்க. அவங்களுக்கு முடியலன்னா கேக்கிறவங்களுக்குப் பதில் சொல்ல ஒரு ஆள் வேணுமாம். கமிட்டியில ஏன் யாரையும் போடலன்னு கேட்டேன். சிரிச்சிக்கிட்டாங்க.

இன்னைக்கு மத்தியானம் செயலாளர் எனக்கு மெசேஜ் அனுப்பினாரு. இத்தனை வருஷத்துல முதல் தடவை. 'சிஸ், பேஜ் பாஸ்வேர்ட் அனுப்புங்க. சங்கத்து டின்னர் போஸ்டர் போடணும்.'

அக்கா இன்னும் வீட்டு ஹால்ல பெட்டிக்குள்ள படுத்திருக்காங்க. இவருக்கு டின்னர் போஸ்டர்.

குடுக்க மாட்டேன்னு எழுதினேன். உடனே கால் வந்துச்சு. அது சங்கத்துச் சொத்தாம், ஃபார்ம் எல்லாம் இனிமே நிறுத்தப் போறாங்களாம், புத்தகம் வேணும்னா மாடிக்கு வந்து பார்க்கட்டுமாம். அப்புறம் கேட்டாரு, "பேஜ் நடத்த உனக்கு என்னம்மா படிப்பு இருக்கு?"

"படிப்பு இல்ல சார். பாஸ்வேர்ட் இருக்கு"ன்னேன். வச்சிட்டாரு.

இத எழுதிட்டு இருக்கும்போதே ஃபார்ம்ல ஒண்ணு வருது. ஜெஞ்சாரோம்ல ஒரு பொண்ணு, முழுகாம இருக்காளாம். பிள்ளை வளர்க்கிறத பத்தி தமிழ்ல ஏதாச்சும் இருக்கான்னு கேக்கிறா. அவளுக்கு சேதி தெரியல போல.

'இருக்கும்மா, வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்க'ன்னு போட்டுட்டேன்.

செயலாளர் சார், நீங்க இதப் படிப்பீங்கன்னு தெரியும். வியாழக்கிழமை நான் கடை போடல, பிரிக்ஃபீல்ட்ஸ் வரேன். அந்தப் புத்தகத்த எடுத்து மேசை மேல வைங்க. மாடி ஏறி வந்து நானே வாங்கிக்கிறேன்.

அக்கா... நாளைக்கு மாதா கோயில்ல, அடக்கப் பூசையில பார்க்கிறேன். முன் வரிசையெல்லாம் கமிட்டிக்காரங்க உட்கார்ந்திருப்பாங்க, நான் பின்னாடிதான் நிப்பேன்.

நல்லா தூங்குங்க.