சுண்ணக்கட்டி அடையாளம்

லண்டனின் சட்டன் பகுதியில் டயர்ப் பட்டறை நடத்தும் நம்மவர் ஒருவருக்கு நான் இழைத்த பிழையை இங்கு ஒப்புக்கொள்கிறேன். பனிக்காலத்தில் ஸ்கொட்லாந்திலுள்ள மகளிடம் காரில் செல்வதற்காகக் குளிர்கால டயர்கள் பூட்டச் சென்றிருந்தேன். முன்சக்கரங்களுக்கு இரண்டு போதும் என்றேன்.

"ஏலாது ஐயா. முன்னுக்கு மட்டும் போட்டால் வளைவில பின்பக்கம் வழுக்கும். நாலும் மாத்தவேணும்."

விற்பனைத் தந்திரம் என்றே எண்ணினேன்; ஆயினும் நான்கையும் மாற்ற இசைந்தேன். கழற்றிய டயர்களை வசந்தம்வரை தாமே வைத்திருப்பதாக அவர் கூறியதும் ஐயம் முற்றியது. அவை ஏறக்குறையப் புதியவை. தேய்ந்தவற்றை மாற்றித் தந்துவிட்டால்? அவர் தேநீர் எடுக்கச் சென்ற வேளையில், நான்கின் உட்புறத்திலும் சுண்ணக்கட்டியால் என் முதலெழுத்தைக் குறித்தேன்.

பனிமூடிய மலைப்பாதைகளில் கார் ஒருமுறையேனும் வழுக்கவில்லை. வசந்தத்தில் திரும்பியபோது, என் டயர்களைக் கழுவி அடுக்கி வைத்திருந்தார்.

"கழுவேக்க உங்கட எழுத்து அழிஞ்சு போச்சு ஐயா. பிறகு தேடுவியள் எண்டு நானே திரும்ப எழுதி விட்டனான்," என்று சிரித்தார்.

நாணித் தலைகுனிந்தேன். அப்போதும் ஒரு நினைப்பு எழுந்தது: வேறு டயர்களிலும் அவர் எழுதியிருக்கலாமே! முன்பு நடைபாதை விளிம்பில் நான் உரசியதால் ஒரு டயரில் விழுந்த கீறலை என் கண்கள் தேடின. கீறல் அங்கேயே இருந்தது.

அவர் என் ஐயத்தை அறிந்திருந்தது பெரிதன்று. அறிந்தும் அவர் சிரித்த பின்னர், நான் அந்தக் கீறலைத் தேடினேனே. அதுவே இன்றும் உறுத்துகிறது.