இடது தோளில் இடுக்கிய போன்

கழுத்து வலிக்கு வைத்தியம் பார்ப்பதற்கும் துணைக்கு ஆள் வேண்டுமாம். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் அந்த பிசியோதெரபி கிளினிக்குக்குள் நுழைந்ததும் முதல் கேள்வியே அதுதான்.

"கூட யாருங்க்கா வந்திருக்காங்க?"

"யாருமில்ல சாமி. நானேதான் திருச்செங்கோட்டுல பஸ் ஏறி வந்தேன்."

என் மகள் வயதுதான் இருக்கும் அந்த பிசியோதெரபி பெண்ணுக்கு. எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வீட்டுக்காரர் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறார், வருடத்தில் எட்டு மாதம் அங்கேதான், மகள் கல்யாணமாகி பெங்களூரில் என்று என் கதையை முழுக்க ஒப்பிக்க வேண்டியதாயிற்று.

எக்ஸ்ரேயைப் பார்த்தாள். பிரஷர் பார்த்தாள். தலை சுற்றுமா, கை மரத்துப் போகுமா என்று கேட்டாள். பிறகு படுக்கவைத்து என் தலையை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, "மூச்ச உடுங்க்கா" என்றாள். மெதுவாகத் திருப்பி, வெடுக்கென்று ஒரு சின்னத் திருப்பு. கழுத்து மளுக்கென்றது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அவள் உடனே கையை எடுக்கவில்லை. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"வலிக்குதுங்களாக்கா?"

இல்லை என்றேன். என் தலையை ஒருவர் கையில் தாங்கி எத்தனை மாதமாயிற்று என்று அவளிடம் எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது.

நாலு தடவை போனேன். கழுத்து இரண்டு பக்கமும் நன்றாகத் திரும்பியது. கடைசி நாளில் கண்டிப்பாகச் சொன்னாள்.

"நெட்டி எடுத்துட்டா மட்டும் பத்தாதுங்க்கா. சொன்ன பயிற்சியச் செய்யோணும். போனைத் தோளுல இடுக்கிட்டுப் பேசறத மொதல்ல நிறுத்துங்க. ஊட்டுல நீங்க மட்டும்தானே, ஸ்பீக்கர்ல போட்டுக்கங்க."

கெட்டிக்காரி, சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தாள். அவர் கூப்பிடுவது எப்போதும் நான் பாத்திரமும் கையுமாக நிற்கும் நேரத்தில்தான். ஊரில் இருக்கும்போதும் சமையல்கட்டு வாசலில் நின்றுதான் பேசுவார். வேலை செய்துகொண்டே கேட்டால்தான் எனக்கும் பேச்சு பேச்சாக இருக்கும்.

மறுநாள் அவர் கூப்பிட்டபோது ஸ்பீக்கரைப் போட்டு, போனை உப்பு ஜாடி பக்கத்தில் வைத்தேன்.

"ஏம்புள்ள, சாப்புட்டியா?"

வெள்ளையடிக்கச் சாமான்களை எல்லாம் வெளியே எடுத்துப் போட்ட வீடு மாதிரி எதிரொலித்தது. இந்த வீடு இவ்வளவு காலியாக இருப்பது எனக்கு அன்றுதான் காதில் விழுந்தது.

"ஏம்புள்ள, எங்கியோ தள்ளி நிக்கற மாதிரி கேக்குது?"

"நானுங்களா தள்ளி நிக்கறேன்?"

கேட்டுவிட்டேன். வைத்துவிடுவாரோ என்று பயந்து, ஈரக்கையோடு போனை எடுத்து ஸ்பீக்கரை அணைத்து, இடது தோளில் இடுக்கிக்கொண்டேன்.

"இப்பக் கேக்குதுங்களா?"

"ம்... இப்பத்தான் பக்கத்துல இருக்கற மாதிரி இருக்குது" என்றார்.

பத்தே நாளில் வலி திரும்பி வந்துவிட்டது. அவர் வருவதற்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது.