ஹபீஸ் நானாவைப் பற்றி ஹபீஸ் நானா சொன்னது

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் ஹபீஸ் நானாவின் கடை இருக்கிறது. கடை என்றால் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு கண்ணாடி அலுமாரி. மணிக்கூட்டுக்கு பட்டரி போடுவதும் ரிமோட் திருத்துவதும் ஊருக்குச் சொல்லும் தொழில். சோறு போடும் தொழில் மேசையின் இழுப்பு லாச்சிக்குள் இருந்தது. வேப் எனும் மின்சிகரெட் இழுக்கிறவர்கள் கொண்டுவரும் கருவியில் கருகிப்போன கொயிலை, அதாவது சூடேறும் கம்பிச் சுருளை, கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டிக் கொடுப்பார். மற்றவர்கள் பஞ்சுத் திரி வைப்பார்கள். நானா வைப்பது ஸ்டீல் வலைத் திரி.

அந்த வேலைக்குச் சந்தேகப் பிராணிதான் லாயக்கு. துணிபோல் மெல்லிய வலையை நறுக்கி, நிறம் மாறும்வரை நெருப்பில் சுட வேண்டும். சுட்டால்தான் அதன்மேல் ஒரு படலம் பிடிக்கும். பிடிக்காவிட்டால், மேலே சுற்றும் கம்பி வலையில் பட்டு ஷோர்ட் ஆகிவிடும். பிறகு ஊசியில் சுருட்டித் திரியாக்கி, கருவியின் ஓட்டைக்குள் இறக்கி, கம்பியை ஐந்து சுற்றுச் சுற்றி மீற்றரில் பார்க்க வேண்டும். ஒருதரம் பார்த்தால் போதும். நானா ஏழுதரம் பார்ப்பார். அந்த மீற்றர் சரியா என்று இன்னொரு மீற்றரால் பார்ப்பார்.

மனிதர்களையும் அப்படிப் பார்த்ததுதான் கரைச்சல். மகள் ருஷ்தாவுக்கு வந்த முதல் மாப்பிள்ளை அளவுக்கு மிஞ்சிச் சிரிக்கிறான் என்று தட்டிவிட்டார். இரண்டாவது மாப்பிள்ளை சிரிக்கவே இல்லை, அதுவும் பிழையாம். அவனைப் பற்றி விசாரிக்க, வாடகைக்கு வீடு தேடுகிறவர்போல நடித்துத் தெமட்டகொடையில் அரைநாள் சுற்றியவர் இவர். அதற்குள் ருஷ்தாவுக்கு இருபத்தெட்டு வயதாகிவிட்டது. மூன்றாவதாகக் கொலன்னாவையிலிருந்து நுஸ்கி என்றொருவரின் பேச்சு வந்தது. படத்தைப் பார்த்த ருஷ்தா முதல்தடவையாக, "எனக்கு விருப்பம் உம்மா" என்றாள். வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாக முடிவாகியது.

"இந்தமுற நீங்க வாயத் தொறக்கப்படாது," என்று மனைவி ஸீனத் கண்டிப்பாகச் சொன்னாள். "அவங்க விசாரிக்க ஆள் அனுப்புவாங்க. பள்ளிவாசல்ல கேப்பாங்க, பக்கத்து ஊட்டுல கேப்பாங்க. கேட்டுட்டுப் போகட்டும்."

கடைக்கே வந்து கேட்பார்கள் என்று இருவருமே நினைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு ஒருவர் வந்தார். ஒட்ட வெட்டிய தலைமயிர், காலில் பளபளக்கும் கறுப்புச் சப்பாத்து, கையில் ஹெல்மெட். பையிலிருந்து ஒரு வேப்பை எடுத்து மேசையில் வைத்தார்.

"வலைத் திரி கட்டுறது இங்கயாமே?"

நானா லாச்சியை மெல்லச் சாத்தினார். இந்தச் சாமானை விற்கலாமா கூடாதா என்று ஆளுக்கொரு சட்டம் சொன்ன காலம். போன மாதம்தான் பக்கத்து வீதியில் ஒரு கடையைச் சோதனை போட்டார்கள் என்று கேள்வி. அந்தச் சப்பாத்தைப் பார்த்ததுமே நானா முடிவு கட்டிவிட்டார்: பொலிஸ்.

"அதெல்லாம் இங்க இல்ல. பட்டரி மட்டுந்தான்."

"ஹபீஸ் நானா நீங்களா?"

"இல்ல. அவர் கடைய எனக்குத் தந்துட்டுப் போயிட்டாரு."

வந்தவர் குரலைத் தாழ்த்தினார். "ஆள் எப்பிடி? தொழுறவரா?"

பொலிஸ் தொழுகையைப் பற்றிக் கேட்குமா என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. இந்தக் காலத்துப் பொலிஸ் எதையும் கேட்கும் என்று நானாவே தனக்குப் பதிலும் சொல்லிக்கொண்டார். தேடிப் பிரயோசனமில்லாத ஆள் என்று காட்டிவிட்டால் விட்டுவிடுவார்கள் என்பது அவர் கணக்கு.

"தொழுகையா? வெள்ளிக்கிழமையிலயும் பள்ளிப் பக்கம் காணக் கெடைக்காது. மோசமான ஆள். எங்க ஈக்கிறாருண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

"அவருக்கு ஒரு மகள் ஈக்காமே?"

தன்னைப் பிடித்தால் பிடிக்கட்டும். பிள்ளையின் பெயர் பொலிஸ் வாயில் வரலாமா?

"மகளா? அந்தாளுக்குப் புள்ளயே இல்ல!"

வந்தவர் அவரை நெடுநேரம் பார்த்தார். பிறகு வேப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நானா தன் கெட்டித்தனத்தைத் தானே மெச்சி, ஒரு பிளேன்டீ வரவழைத்துக் குடித்தார்.

மறுநாள் கொலன்னாவையிலிருந்து போன் வந்தது. பேசி முடித்த ஸீனத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

"நுஸ்கிட மாமா தாஸிம், நேத்து கடைக்கி வந்தாராம். ஹபீஸ் மோசமான ஆளாம், புள்ளயே இல்லயாம். இல்லாத புள்ளயப் பாக்க எப்பிடி வாரதுண்டு கேக்கிறாங்க." அவள் கணவனை உற்றுப் பார்த்தாள். "கடையில ஒங்களத் தவிர வேற ஆரு ஈக்கிற?"

நானா நடந்ததைச் சொன்னார். ருஷ்தா அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒங்களக் கள்ளன் எண்டு செல்லியிருந்தாலும் பரவாயில்ல வாப்பா. என்ன இல்லயெண்டு செல்ல எப்பிடி வாய் வந்திச்சி?"

"ஒன்னக் காப்பாத்தத்தான் புள்ள."

"ஆருக்கிட்டயிருந்து?"

அவள் அழுதுகொண்டு கதவைச் சாத்தினாள். தன் பிள்ளையின் வாழ்வில் தானே மண்ணைப் போட்டுவிட்டோமே என்று அன்றிரவு முழுக்க அவருக்கு மனம் ஆறவில்லை.

வியாழன் காலை அந்த ஒழுங்கையில் எந்த வாப்பாவும் செய்யாத ஒன்றை ஹபீஸ் நானா செய்தார். பெண் பார்க்க அவர்கள் வருமுன்னே, பெண்ணைக் கூட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் புறப்பட்டார். "ஊரே சிரிக்கும்!" என்று ஸீனத் தலையில் அடித்துக்கொண்டாள். "சிரிக்கட்டும்," என்றார் நானா. ருஷ்தா கைப்பையை எடுத்துக்கொண்டு திரீவீலில் ஏறினாள்.

கேட்டைத் திறந்தவர் அதே தாஸிம்.

"நான்தான் ஹபீஸ். இது என்ட மகள். அண்டைக்கு ஒங்களப் பொலிஸ் எண்டு நெனச்சிப் பொய் செல்லிட்டேன்," என்றார் நானா.

தாஸிம் கேட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. "அண்டைக்கு ஹபீஸ் இல்லண்டீங்க. இண்டைக்கு ஹபீஸ்ங்கிறீங்க. எத நம்புற? ஐடென்டி கார்ட் ஈக்கா?"

நானா எடுத்துக் கொடுத்தார். தாஸிம் இரண்டுதரம் வாசித்தார், திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்திலும் பிடித்துப் பார்த்தார்.

"சரி, நீங்க ஹபீஸ்தான். இது ஒங்கட மகளெண்டு எப்பிடி நம்புற?"

ருஷ்தா கைப்பையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை வெளியே எடுத்தாள். உள்ளே அவளுடைய பிறப்புச் சான்றிதழ், பாடசாலைச் சான்றிதழ், அவளைக் குழந்தையாகத் தூக்கிக்கொண்டு நானா நிற்கும் படம் எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு போட்டோகொப்பியும் இருந்தது.

"ஒரிஜினல் தரமாட்டேன். யாரெண்டாலும் மாத்திடுவாங்க. கொப்பிய வெச்சிக்கங்க."

தாஸிம் அவளைப் பார்த்தார், நானாவைப் பார்த்தார், பிறகு கேட்டை அகலத் திறந்துவிட்டுச் சிரித்தார்.

"பேப்பர் வேணாம் புள்ள. நீ இவர்ட மகள்தான்."